வலையில் அகப்படாத குரல்

காஞ்சிபுரத்து நெசவாளர் வீடுகளிலும் இன்று பாட்டைத் திறன்பேசி தேர்ந்தெடுக்க, வைஃபை ஒலிபெருக்கி பாடுகிறது. சில வேளை ஒலிபெருக்கி திறன்பேசிக்குப் புலப்படுவதில்லை. உடனே கருவியைப் பழிப்பது வழக்கம். பெரும்பாலும் குற்றம் கருவியினுடையது அன்று. ஒன்று வீட்டு வைஃபையிலும் மற்றொன்று விருந்தினர்க்கென ஒதுக்கியதிலும் இணைந்திருக்கும். இரண்டையும் ஒரே வலையில் சேர்த்தல் வேண்டும். தடித்த சுவர் குறுக்கிட்டால் 5 கிகாஹெர்ட்ஸினும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை நன்கு ஊடுருவும். வேகம் குறைந்தாலும் பாட்டுக்கு அது போதும்.

இவ்வூர்த் தனகோடி அம்மாள் இசைத்தட்டில் பாடியவர். அவர்தம் உடன்பிறந்தாள் மகன் நாயனாப் பிள்ளையோ (1889–1934) இசைத்தட்டுக்குப் பாட மறுத்துவிட்டார். மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் எனப் பக்கவாத்தியங்கள் சூழ அவர் பல்லவி பாடிய பெருமையைப் படிக்கலாம். வலை முழுதும் தேடினாலும் குரல் வராது.