இரு பொற்பதக்கங்களுக்கு இடையே

மெய்வல்லுநர் போட்டிகளுள் உயரம் பாய்தலே என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது. ஓட்டத்தில் முதல்வராய் வந்தவர் அவ்வெற்றியோடு திடலை விட்டு நீங்குவார். உயரம் பாய்பவரோ, ஏனையோர் அனைவரையும் வென்ற பின்னரும் குறுக்குத்தடியை மேலும் உயர்த்தச் செய்து பாய்வார்; மூன்று முறை தவறிய பின்னரே பெரும்பாலும் அவர்தம் முயற்சி முடிவுறும். வென்றவரும் தம் எல்லையைக் கண்டே மீளவேண்டும் என்பது இவ்விளையாட்டின் நியதி. இந்நியதியைத் தம் வாழ்விலேயே கண்டவர், மேற்கு ஜேர்மனியின் வீராங்கனை உல்ரிக்கே மைபார்ட்.

1972ஆம் ஆண்டு மியூனிச் ஒலிம்பிக் விழாவிலே பங்குகொண்டபோது அவருக்கு வயது பதினாறு. அதுவரை அவர் தாண்டிய அதிகூடிய உயரம் 1.85 மீற்றர். செப்டெம்பர் 4ஆம் நாள், உலக சாதனையாளரான அவுஸ்திரிய நாட்டு இலோனா குசன்பவரும், பல்கேரிய நாட்டு யோர்தாங்கா பிளகோயேவாவும் 1.88 மீற்றரோடு நின்றுவிட, இச்சிறுமி 1.90 மீற்றரைத் தாண்டிப் பொற்பதக்கத்தை உறுதிசெய்தார், பின்னர் 1.92 மீற்றரையும் தாண்டி உலக சாதனையைச் சமன்செய்தார். 1968இல் மெக்சிக்கோவிலே டிக் பொஸ்பரி உலகறியச் செய்த, முதுகு கீழ்நோக்கத் தடியைக் கடக்கும் புதிய முறையையே அவர் கையாண்டார். மறுநாள் விடியற்காலையில் இஸ்ரேலிய அணியினர் மீது நிகழ்ந்த தாக்குதல் அவ்விழாவைத் துயரில் ஆழ்த்திற்று.

ஒரே மாலையில் வந்தடைந்த புகழைப் பதினாறு வயதுத் தோள்கள் எங்ஙனம் தாங்கும்? 1976இல் மொன்றியலில் அவர் இறுதிச் சுற்றுக்கே தகுதிபெறவில்லை. 1980இல் ஆப்கானிஸ்தான் விவகாரத்தை முன்னிட்டு மேற்கு ஜேர்மனி மொஸ்கோ விழாவைப் புறக்கணித்தமையால் அவ்வாய்ப்பும் கைநழுவியது. அவரது வாழ்வு மியூனிச்சோடு முடிந்தது என உலகம் முடிவுகட்டியிருந்தால் அதில் வியப்பில்லை.

ஆயினும் அவர் பாய்வதை விட்டாரில்லை. லெவர்குசன் நகரிலே கெர்ட் ஒசன்பேர்க் என்னும் பயிற்றுநரிடம் தொடர்ந்து பயின்றார். 1982இல் ஏதென்ஸ் நகரில் 2.02 மீற்றர் தாண்டி ஐரோப்பிய முதன்மையையும் உலக சாதனையையும் ஒருங்கே பெற்றார். மறுஆண்டு ஹெல்சிங்கியில் சோவியத் வீராங்கனை தமாரா பிக்கோவாவிடம் தோற்றார். அதே மாதம் இலண்டனில் இருவரும் 2.03 மீற்றரைத் தாண்டிப் புதிய உலக சாதனை நிலைநாட்டினர். சில நாள்களில் பிக்கோவா அதனையும் கடந்து 2.04 மீற்றரை எட்டினார்.

1984இல் லொஸ் ஏஞ்சல்சில் 2.02 மீற்றர் தாண்டி, இத்தாலியின் சாரா சிமியோனியை வென்று, மைபார்ட் மீண்டும் பொற்பதக்கம் பெற்றார். இம்முறை சோவியத் நாடு விழாவைப் புறக்கணித்தமையால் பிக்கோவா வரவில்லை. ஒரு புறக்கணிப்பு அவரது வாய்ப்பைப் பறித்தது. இன்னொன்று அவரது எதிரியை விலக்கியது. ஆதலின் இரண்டாவது பொன்னின் மாற்றுக் குறைந்ததென்பார் உளர். நான் அவ்வாறு கருதேன். அன்று அவர் தாண்டிய உயரம், பதினாறு வயதில் தாண்டியதைவிடப் பத்துச் சென்ரிமீற்றர் அதிகம். அந்தப் பத்துச் சென்ரிமீற்றருக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் விலையாயின.

முதல் வெற்றியை இளமையும் அந்நாளும் சேர்ந்து அவருக்கு அளித்தன; இரண்டாவதை அவரே ஈட்டினார். இளமையில் பெற்ற சிறப்புத் தேர்ச்சியோடும், முதல் நூலின் பாராட்டோடும் நின்றுவிடும் அறிஞர்கள் கல்வியுலகில் அரியரல்லர். அவர்களுக்குக் குறைந்தது ஆற்றலன்று. தடியைத் தட்டி வீழ்த்துவதைப் பிறர் காண்பரே என்னும் அச்சமே அவர்களைத் தடுக்கின்றது. மைபார்ட் பன்னிரண்டு ஆண்டுகள் அதனைப் பலர் காண வீழ்த்தினார். அவ்வாண்டுகளையே அவரது மெய்யான சாதனை என்பேன்.