கலவரம் என்றொரு சொல்

2012 நவம்பர் 7ஆம் தேதி தருமபுரி பக்கத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று சேரிகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகளைக் கொளுத்தினார்கள். சாதி மாறிய ஒரு கல்யாணம்தான் சாக்கு. அதற்குப் பேர் 'தருமபுரிக் கலவரம்'. இன்றைக்கும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

அப்போது நான் ஓசூர் சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலை. ஊருக்குப் போனபோது நைனாவுக்குப் பேப்பர் படித்துக் காட்டினேன். "கலவரம்னா ரெண்டு பக்கமும் எரியணுமில்லடா? அவங்க வீடு எத்தனை எரிஞ்சுச்சாம்?" என்று கேட்டார். எழுதப் படிக்கத் தெரியாத மனுஷன். நானோ பி.ஏ. 'வீடுகள் எரிக்கப்பட்டன' என்று செயப்பாட்டு வினையில் எழுதினால், எரித்தவன் பேர் வாக்கியத்துக்கே தேவைப்படாது. இதை எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் 'நாடகக் காதல்' என்ற சொல்லும் ஊரெல்லாம் பரவியது. ஜீன்ஸ், டி-ஷர்ட், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு தலித் பையன்கள் மற்ற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் பேசினார். தந்திரமான சொல், தோழர்களே. பெண்ணுக்கு மனசு என்று ஒன்று இருப்பதையே மறுக்கிறது, பையனைத் திருடனாக்குகிறது. ஆதாரமும் தர வேண்டியதில்லை. என் காதல் நாடகமில்லை என்று எவன் போய் நிரூபிப்பான்? ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஷிப்ட் விட்டு இறங்குகிற எல்லாச் சாதிக்காரனும் ஜீன்ஸ்தான் போட்டிருக்கிறான்.

2018 நவம்பரில் ஓசூர் பக்கம் சூடுகொண்டப்பள்ளியைச் சேர்ந்த, சாதி மாறிக் கல்யாணம் கட்டிய இளம் தம்பதியைக் கடத்திக் கொன்றார்கள். எல்லை தாண்டி, கர்நாடகத்தில் சிவனசமுத்திரம் பக்கம் காவிரியில் உடல்கள் கிடைத்தன. பையன் போட்டிருந்த டி-ஷர்ட்டில் அம்பேத்கர் படம். இன்னார் என்று அடையாளம் காண அதுதான் உதவியது.

இப்படிப்பட்ட கொலைகளுக்கு 'கௌரவக் கொலை' என்று பேர் வைத்திருந்தார்கள். கொன்றவனுக்கு மாலை போடுகிற பேர்! நம் இயக்கங்கள் விடாமல் திருத்தித் திருத்தித்தான் 'ஆணவக் கொலை' என்ற சொல் பெரிய பத்திரிகைகளுக்கும் டிவிக்கும் போய்ச் சேர்ந்தது. சொல் மாறினால் கொலை நின்றுவிடுமா என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நிற்காது. ஆனால் எந்தச் சொல்லைப் போர்த்திக்கொண்டு கொலைகாரன் தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறானோ, அதை உருவிவிடலாம்.

விளம்பரம் கத்தாது, மெதுவாகத்தான் பேசும். மணமகள் தேவைப் பத்தியில் 'ஜாதி தடையில்லை' என்று இருக்கும். அடுத்த வார்த்தை, 'எஸ்.சி., எஸ்.டி. நீங்கலாக'. அப்புறம் என்ன தடையில்லை?

ஓசூரில் வீட்டு வாடகை போர்டு 'சைவம் மட்டும்' என்று சொல்லும். "சைவம்தாங்க" என்று சொல்லிப் பார்த்தேன். வீட்டுக்கார அம்மா சிரித்துக்கொண்டே, "சொந்த ஊர்ல எந்தத் தெருப்பா?" என்றார்.

"காலனிங்க."

"அடடா, இப்பதான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாரு."

போர்டு மூன்று மாதம் அங்கேயே தொங்கியது.