இறக்கத்தைப் பார்த்து வண்டி எடு

தாண்டிக்குடி,
மார்கழி.

அன்புள்ள நண்பா,

கனடாவின் சட்பரியிலிருந்து நீ எழுதிய கடிதம், நான் இங்கே கிளம்பும்போதுதான் கைக்கு வந்தது. பனிக்காலத்துக்குப் பனிமேல் ஓடும் ஸ்னோமொபைல் இரண்டு, கோடைக்குக் கரடுமுரடான பாதையில் ஓடும் நாலு சக்கர ஏ.டி.வி. இரண்டு வாங்கிவிட்டாய்; ஏற்றிப்போக எந்த ட்ரெய்லர் எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். நாமக்கல் பட்டறையில் நாம் சேர்ந்து பாடி கட்டியதெல்லாம் லாரிக்குத்தான். ஆனாலும் சுமை சுமைதான், இறக்கம் இறக்கம்தான். அந்தப் பாடத்தை இந்தக் கீழ்ப்பழனி மலையில் தினமும் கண்ணால் பார்க்கிறேன். அதனால் இங்கிருந்தே பதில் எழுதுகிறேன்.

வத்தலக்குண்டிலிருந்து பட்டிவீரன்பட்டி, அய்யம்பாளையம் தாண்டி ஏறினால் பெரும்பாறை, அப்புறம் தாண்டிக்குடி. ரோட்டின் இருபக்கமும் நிழல் மரங்கள். மரத்தில் மிளகுக் கொடி, அடியில் காபி. நடுநடுவே மலைவாழை. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன விருப்பாட்சி வாழை விளையும் மலை இது. இப்போது காபிப் பழம் பறிக்கும் காலம். பல தோட்டங்களுக்கு ஒற்றையடிப் பாதைதான் உண்டு. அங்கே இன்றைக்கும் மட்டக்குதிரைதான் லாரி.

ஒரு காலத்தில் கொடைக்கானலே அப்படித்தான் இருந்தது. அம்மையநாயக்கனூரில் ரயிலை விட்டு இறங்கி, மாட்டு வண்டியில் பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்புக்குப் போய், அங்கிருந்து குதிரையிலும் டோலியிலும் ஆட்களின் தலைச்சுமையிலுமாக எல்லாம் மேலே ஏறின. முதல் உலகப் போர்க் காலத்தில் லாஸ் காட் ரோடு என்கிற மலைப்பாதை வந்த பிறகே சக்கரம் ஏறியது. வட்டக்கானலுக்குக் கீழே வெள்ளகவி ஊர் அதன்பிறகும் நெடுங்காலம் குதிரையை நம்பியே இருந்தது.

நேற்று ஒரு தோட்டத்தில் பொதி ஏற்றுவதைக் கிட்டத்தில் நின்று பார்த்தேன். குதிரையின் முதுகில் சாக்கு மெத்தை, அதன்மேல் பக்கத்துக்கு ஒரு மூட்டை. ஏற்றுகிற பெரியவர் முதலில் இரண்டு மூட்டையையும் தனித்தனியாகத் தூக்கிப் பார்த்தார். ஒன்று கொஞ்சம் லேசு. அதை அவிழ்த்து, கையால் காபிப் பழத்தை அள்ளிப் போட்டு, மறுபடி தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கட்டினார். பிறகு குதிரைக்குப் பின்னால் போய் நின்று, பொதி ஒரு பக்கம் சாய்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் நோட்டம் விட்டார். பத்தடி நடக்கவிட்டு நிறுத்தி, வயிற்றுக் கயிற்றை இன்னொரு தடவை இறுக்கினார். "கட்டும்போது மூச்சைப் பிடிச்சுக்கும் தம்பி. நடந்தாத்தான் விடும். அப்பத்தான் கயிறு தளரும்" என்றார். மட்டக்குதிரைக்கு 70 கிலோ, கோவேறு கழுதைக்கு 200 கிலோ என்று 1965-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்பு விதிகள் உச்சவரம்பு வைத்திருக்கின்றன. பெரியவர் அந்த விதியைப் படித்தவரில்லை. ஆனால் அளவுக்கு மேல் ஏற்றினால் ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் குதிரையின் முன்னங்கால் போகும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ரோட்டுக்கு வந்த சரக்கு பிக்கப்பில் ஏறுகிறது. அய்யம்பாளையம் வரை ஒரு பிக்கப்பில் கூடவே போனேன். வாழைத்தாரும் சவ்சவ் மூட்டையும் நிறைய. ஓட்டுநர் ஏறிவந்த அதே கியரில்தான் இறங்கினார். பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டாரே தவிர மிதித்துப் பிடிக்கவே இல்லை. ஏறி வருகிற வண்டி தென்பட்டால் ஒதுங்கி வழிவிட்டார். மலை ரோட்டில் சட்டமும் அதுதான். பாதி வழியில் நிறுத்திப் பின்சக்கரத்தின் டிரம் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ச் சூடு பார்த்தார். டிரம் காய்ந்துவிட்டால் லைனிங் பிடிக்காது, எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. நமக்கு இது புதிதில்லை. ஆனால் ட்ரெய்லரில் இது இரண்டு மடங்கு ஆபத்து. பின்னால் வருவதற்குத் தனி பிரேக் இல்லையென்றால் அதன் எடை முழுவதையும் முன்வண்டியின் பிரேக்கே தாங்க வேண்டும். வழுக்கும் பனியில் பின்வண்டி முன்வண்டியைத் தள்ளிக் குறுக்கே திருப்பிவிடும்.

இனி உன் கணக்குக்கு வருகிறேன். ஒரு ஏ.டி.வி. சுமார் 350 கிலோ என்று வைத்துக்கொள். இரண்டுக்கு 700. திறந்த ட்ரெய்லர் ஒரு 350 கிலோ. மொத்தம் 1,050. உங்கள் ஒன்டாரியோ சட்டப்படி மொத்த எடை 1,360 கிலோவை எட்டினால்தான் ட்ரெய்லருக்கு பிரேக் கட்டாயம். அதைச் சொல்லி பிரேக் இல்லாததை யாராவது உன் தலையில் கட்டப் பார்க்கலாம். நீ பிரேக் உள்ளதையே எடு. மூடிய பெட்டி ட்ரெய்லர் என்றால் அதுவே 700, 800 கிலோ வரும். இரண்டு வண்டியும் ஏறினால் சட்டத்தின் எல்லையையும் தாண்டிவிடுவாய், காற்றையும் சேர்த்து இழுப்பாய். பெட்டியில் வண்டி உப்புத் தண்ணீர் படாமல் இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் இரண்டு வண்டிக்காக வருஷம் முழுவதும் அந்த எடையை இழுப்பது வீண் என்பதே என் முடிவு. திறந்ததை எடுத்து, முன்பக்கம் உப்புத் தடுப்பு மாட்டி, வண்டிக்கு உறை போடு.

அளவில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஸ்னோமொபைல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்த எட்டரை அடி அகலம் வேண்டும். அங்கே ரோட்டில் அனுமதிக்கிற உச்ச அகலமும் ஏறக்குறைய அதுதான், 2.6 மீட்டர். நீளம் 12 அடி இருந்தால் நீளமான டிராக் பட்டை உள்ள ஸ்னோமொபைலும் அடங்கும். அதற்கு மேல் போகாதே. கொடைக்கானலுக்கு 12 மீட்டருக்கு மேல் நீளமான வண்டிகள் ஏறக்கூடாது என்று 2024 நவம்பரிலிருந்து தடை இருக்கிறது. வளைவில் ஒரு நீள வண்டி மாட்டினால் மலையே நின்றுபோகும். உன் பிக்கப்பும் ட்ரெய்லரும் சேர்ந்து அந்த நீளத்துக்குக் கிட்டத்தில் வந்துவிடும். வளைவில் ட்ரெய்லரின் சக்கரம் உள்பக்கமாக அறுத்துக்கொண்டு வரும் என்பதை நினைவில் வை.

ட்ரெய்லரின் சட்டகம் அலுமினியம், இல்லையென்றால் துத்தநாகம் தோய்த்த இரும்பு. வெறும் பெயின்ட் அடித்தது உங்கள் ரோட்டு உப்புக்குச் சில குளிர்காலம்கூடத் தாங்காது. சாய்கிற தளமாக இருந்தால் ஏற்றுவது சுலபம். பலகைமேல் பிளாஸ்டிக் பட்டை அடித்துக்கொள். ஸ்னோமொபைலின் முன்சறுக்குப் பலகையான ஸ்கீயின் அடியில் உள்ள கார்பைடு கம்பி பலகையைக் கீறித் தின்றுவிடும்.

ஏற்றுவதில்தான் அந்தப் பெரியவரை நினைத்துக்கொள்ள வேண்டும். மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் முன்வண்டியின் கொக்கியில் அழுத்த வேண்டும். 1,050 கிலோவுக்கு 105 முதல் 157 வரை. பின்னால் எடை கூடினால் வேகத்தில் ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கும், பிறகு பிடித்து நிறுத்துவது கஷ்டம். ஸ்னோமொபைலின் முன் ஸ்கீயைக் குறுக்குச் சட்டத்தால் அழுத்தி முறுக்கு. பின்னால் ஒரு பட்டையும் போடு. ஏ.டி.வி.க்கு நான்கு மூலையிலும் பட்டை, ஷாக் அப்சார்பர் கொஞ்சம் அமுங்குகிற அளவுக்கு. பாதுகாப்புச் சங்கிலியை ட்ரெய்லரின் மூக்குக்கு அடியில் பெருக்கல் குறிபோல மாட்டு. கொக்கி கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாது. கிளம்பிப் பதினைந்து, இருபது கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்திப் பட்டைகளை இறுக்கு. ஓடத் தொடங்கியதும் ஷாக் அமர்ந்து பட்டை தளரும்.

பணம் கட்டுவதற்கு முன்னால் உன் வண்டிகளையே கடைக்குக் கொண்டுபோய் ஏற்றிப் பார். மூக்கின் அடியில் எடை பார்க்கும் மெஷினை வைத்து அளந்து பார்க்கவிடச் சொல். அதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்காதே. எதை எடுத்தாய் என்று கட்டாயம் எழுது.

அன்புடன்,
உன் பட்டறைத் தோழன்