குயிலும் பிறவிக் குணமும்

காக்கைக் கூட்டில் வளர்ந்தாலும் குயில் குயிலாகவே கூவும் என்று உவமை காட்டி, மக்களுக்குப் பிறவிக் குணம் கற்பிக்கும் வழக்கம் நம்மவரிடையே இன்னும் ஒழிந்தபாடில்லை. தோட்டத்தில் கணக்கெழுதிப் பிழைக்கும் நாம் இதனைப் பன்முறை கேட்டிருக்கிறோம். பால்மரம் சீவுகிறவர் மகன் பரீட்சையில் தவறினால், "இரத்தத்தில் இல்லை" என்பர். தேறினாலோ, "ஏதோ அதிர்ஷ்டம்" என்பர். இவ்வுவமை எவ்வளவு தூரம் செல்லும் என்று பார்ப்போம்.

குயிலைப் பற்றிய மட்டில் செய்தி மெய்யே. குயிலினம் பிறர் பாடக் கேட்டுக் கற்கும் இனமன்று. ஆனால் பறவையெல்லாம் குயிலல்ல. கிளிகளும், அமெரிக்காவின் ரீங்காரச் சிட்டுகளும், பாடும் பறவைகள் எனப்படும் பெருங்கூட்டமும் கேட்டே கற்பவை. வேடிக்கை யாதெனில், நாம் இகழும் காக்கை இப்பாடும் பறவைக் கூட்டத்தைச் சேர்ந்தது. குயில் அதில் சேராதது!

1950ஆம் ஆண்டுகளில் கேம்பிரிட்ஜில் தார்ப் என்னும் அறிஞர் சாஃபிஞ்ச் என்ற சிட்டின் குஞ்சுகளைத் தம்மினத்தின் பாட்டுக் காதில் விழாதபடி வளர்த்தார். அவை வளர்ந்து பாடின. ஆனால் அப்பாட்டு நயமிழந்த குறைப்பாட்டாக இருந்தது. குரல் இருந்தது, ஆசான் இல்லை. குறை இரத்தத்திலன்று, கேள்வியில்.

1976இல் நியூயார்க்கில் நாட்டபோமும் அவர்தம் தோழர்களும் கானரிப் பறவையின் மூளையில் பாட்டுக்குரிய நரம்புப் பாதையைக் கண்டனர். ஒரு பாதை குரலுறுப்பை இயக்குவது. மற்றொரு கிளைப்பாதை கற்பதற்குரியது. ஸீப்ரா பிஞ்ச் என்னும் ஆஸ்திரேலியச் சிட்டின் இளங்குஞ்சுக்கு அக்கிளையின் முக்கிய பாகத்தைச் சிதைத்தால் பாட்டுக் கற்றல் கெடுகிறது. பாடம் முடிந்த பறவைக்குச் சிதைத்தாலோ பாட்டு அப்படியே நிற்கிறது.

கற்கும் விதமும் வியப்புக்குரியது. தந்தையின் பாட்டை நினைவில் இருத்திக்கொண்ட ஆண்குஞ்சு, முதலில் மழலையாய் உளறி, தன் ஒலியைத் தானே கேட்டுத் திருத்துகிறது. 2016இல் கார்னெல் பல்கலைக்கழகத்தார், பாடும் பறவையின் காதில் அதன் பாட்டின் ஓரிடம் மட்டும் கெட்டு ஒலிக்கச் செய்தனர். உடனே டோபமைன் என்னும் இரசாயனத்தை வழங்கும் நரம்பணுக்களின் துடிப்புத் தாழ்ந்தது. கெடக்கூடிய இடம் கெடாமல் சென்றபோது ஓங்கிற்று. பிரம்பெடுப்பாருமில்லை, பரிசளிப்பாருமில்லை, பிழையையும் திருத்தத்தையும் மூளையே எடைபோடுகிறது.

மனிதன் எக்கட்சி? இந்நாட்டிலேயே சான்றுண்டு. தமிழ்க் குடும்பங்கள் எடுத்து வளர்த்த சீனப் பெண்குழந்தைகள் தமிழையே தாய்மொழியாகப் பேசி வளர்ந்ததை நம் முதியோர் அறிவர். அவர்கள் நாவில் தமிழை வைத்தது பிறப்பா, வளர்ப்பா? ஆதலின், மனிதப் பிள்ளைக்குக் குயிலை உவமை கூறுவது பொருந்தாது.

எனினும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஸீப்ரா பிஞ்ச் ஏறக்குறைய 90 நாளில் தன் பாட்டை முடித்துக்கொள்கிறது; பின்னர் பெரிதாக மாற்றுவதில்லை. நம் பிள்ளைகளின் காலம் அத்துணைக் குறுகியதன்றாயினும், பேச்சு பதியும் இளம்பருவம் ஒன்றுண்டு. அப்பருவத்தில் வீட்டில் வசைச்சொல்லும் கள்ளுக்கடைச் சச்சரவுமே கேட்ட பிள்ளையிடம் நல்ல சொல்லை எதிர்பார்ப்பது எங்ஙனம்? கதை சொல்லாமலும் ஏடு படித்துக் காட்டாமலும் இருந்துவிட்டு, இரத்தத்தைப் பழிப்பது நீதியாகாது.

வளர்ந்தோரும் மனந்தளர வேண்டியதில்லை. முதிர்ந்த கானரியின் மூளையிலும் புதிய நரம்பணுக்கள் தோன்றுவதை 1983இல் நாட்டபோமும் கோல்ட்மனும் வெளியிட்டனர். ஆண்கானரி ஆண்டுதோறும் தன் பாட்டைப் புதுப்பிக்கிறது. அச்சிறு பறவைக்கு இயல்வதை, நாற்பது வயதில் எழுத்துக் கற்க நாணும் நம் தோழர்கள் சற்றே எண்ணிப் பார்ப்பார்களாக. பிள்ளைக்கு ஏடு வாங்கும் நாளிலேயே தமக்கும் ஒன்று வாங்கிக்கொள்வார்களாக.