அருவங்காட்டு வாஸலின்

ஊட்டிக்குப் போகிறவர்கள் குன்னூர் தாண்டியதும் ஸ்வெட்டரைத் தேடுவார்கள். நான் தேடியது தீப்பெட்டியை!

1908-ல் ஊட்டி வரை நீண்ட மலை ரயில் பாதையில், வெலிங்டனுக்கு அடுத்த சின்ன ஸ்டேஷன் அருவங்காடு. டூரிஸ்ட்டுகள் இறங்குவது அபூர்வம். நான் இறங்கினேன். நண்பனின் மாமா வீடு அங்கேதான். கார்டைட் ஃபாக்டரியில் முப்பது வருஷம் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர்.

முந்தின நாள் ஊட்டியில் பலூன் சுட்டிருந்தேன். பத்து குண்டுக்கு ஒரு பலூன். அதுவும் நான் குறி வைத்த பலூன் இல்லை. இந்த வீரப்பிரதாபத்தை அளந்துகொண்டே சிகரெட்டை எடுத்தேன்.

"தீப்பெட்டியைத் திண்ணையில வெச்சிட்டு வாங்க தம்பி."

வீட்டில் ஒரு ஓலைப் பட்டாசுகூடக் கிடையாது. எல்லாம் பழக்கம்! வேலைக்குப் போகுமுன் பாக்கெட்டைத் தட்டிப் பார்த்த கை, இன்னும் கோயில் வாசலில்கூடத் தட்டுகிறதாம். "தட்டுல போடச் சில்லறை தேடுறார்னு பூசாரி காத்திருப்பார்" என்றார் அத்தை.

மாமா ஆறு டீ கிளாஸை வட்டமாக அடுக்கினார். "இதுதான் பழைய கௌபாய் ரிவால்வர். தோட்டா வர்றதுக்கு முந்தி ஒவ்வொரு அறையிலயும் கையாலதான் கருமருந்து போடணும். மேலே ஈயக் குண்டு. நடுவுல இடைவெளி விடாம அழுத்தணும். அதுக்கு மேலே கொழுப்போ தேன்மெழுகோ பூசணும்."

"எதுக்கு?"

"ரெண்டு காரணம். கருமருந்து எரிஞ்சா கரி அப்பும். கொழுப்பு அதை இளக்கி வைக்கும். இன்னொண்ணு, ஒரு அறை வெடிக்கிறப்போ பொறி பக்கத்து அறைக்குத் தாவக் கூடாது. தாவினா சுடறவன் கையே போகும். பொறி தர்ற கேப்பைக் கடைசியாத்தான் மாட்டணும். ஆறுல அஞ்சு அறைதான் நிரப்பணும். சுத்தி உட்கார்ற அறை காலியா இருக்கணும்."

பி.காம். மூளைக்குச் சட்டென்று பிடிபட்டது. ஒரு கணக்கின் நஷ்டம் அடுத்த கணக்குக்குத் தாவாமலிருக்க ரிசர்வ் ஃபண்ட்!

இந்தக் கொழுப்பு லேசுப்பட்டதல்ல. பல்லால் கடித்துத் திறக்க வேண்டிய தோட்டாவில் பசு, பன்றிக் கொழுப்பு என்ற பேச்சு கிளம்பித்தானே 1857-ல் வட நாடே பற்றி எரிந்தது?

1889-ல் ஏபல், டூவர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கார்டைட்டைக் கண்டுபிடித்தார்கள். கருமருந்து போல் புகை மண்டாது. குழலுக்கு வழவழப்பு வேண்டுமென்று மருந்துக்குள்ளேயே நூற்றுக்கு 5 பங்கு வாஸலினைப் பிசைந்துவிட்டார்கள். அது மருந்து கெடாமலும் காக்கிறது என்பது பிறகு தெரிந்த போனஸ். நாம் உதட்டு வெடிப்புக்குத் தடவும் அதே சமாசாரம் சார்!

"எல்லா வெடிக்கும் பூச்சு இருக்கு தம்பி. எனக்குத்தான் ஒண்ணும் இல்லை" என்றார் அத்தை திடீரென்று. "எங்கேயாவது பாறைக்கு வெடி வெச்சாக்கூடக் கைவேலை நின்னுடும். முப்பது வருஷமா அப்படி. இவர் இப்போ வீட்டுலதான் இருக்கார். ஆனாலும் நிக்குது."

மாமா ஒன்றும் பேசாமல் கிளாஸ்களை எடுத்து வைத்தார்.

கிளம்பும்போது திண்ணையில் தீப்பெட்டி பனியில் நமுத்துக் கிடந்தது. அங்கேயே விட்டுவிட்டேன்.

ஸ்டேஷனுக்குள் நுழையும்போது என் கை பாக்கெட்டைத் தட்டிப் பார்த்தது.