மிதந்த துளி

நுழையும்முன்

பள்ளிப் படிப்பின் நிறைவை நெருங்கும் நீங்கள், விரைவில் கல்லூரியின் வாயிலைக் கடந்து செல்லப் போகிறீர்கள். அங்கே பாடங்களோடு விழாக்களும் நலவாழ்வு முகாம்களும் உங்களை எதிர்நோக்கியிருக்கும். அவற்றால் விளையும் பயன் யாது என்பதைத் திருவண்ணாமலையில் வாழும் ஆசிரியர் ஒருவர் தம் பட்டறிவின் வழியே எடுத்துரைக்கிறார்.

பின்பனியும் இளவேனிலும்

தமிழர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். எங்கள் திருவண்ணாமலையில் இப்பருவ மாற்றத்தை அறிய நாள்காட்டியைப் பார்க்க வேண்டியதில்லை; மலையைப் பார்த்தால் போதும். மாசி மாதத்து விடியலில் மலையின் உச்சி மூடுபனியில் மறைந்திருக்கும். பங்குனி பிறந்துவிட்டாலோ, காலை பத்து மணிக்கெல்லாம் பாறைகள் வெயிலை வாங்கித் தெருக்களின்மீது வீசத் தொடங்கிவிடும். குளிர்நாட்டவர் பனி உருகிய பின் வெளியே வந்து வேனிலைக் கொண்டாடுகின்றனர். நாமோ வெயில் முற்றுவதற்குள் கூடிக் களித்துவிட வேண்டும்.

அண்ணாமலையார் கோயிலுக்கும் ஒரு வேனில் விழா உண்டு. சித்திரையில் நடைபெறும் வசந்த விழா பத்து நாள்கள் நீடிக்கும். கோயிலின் தலமரமான மகிழ மரத்தை இறைவனின் திருமேனி வலம் வரும். இறுதி நாள் இரவில் மன்மத தகனத்தோடு விழா நிறைவுறும். கோயிலுக்கு இப்படியொரு விழா இருப்பதுபோல், ஊரிலுள்ள கல்லூரிகளுக்கும் ஒரு விழாக்காலம் உண்டு. டிசம்பரில் தொடங்கும் பருவம் ஏப்ரல் தேர்வோடு முடிவதால், பிப்ரவரியும் மார்ச்சும் அங்கே விழா மாதங்களாகின்றன.

அறிவிப்புப் பலகையின் முன்

தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டு மார்ச் முதல் நாளில் 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கியது. அதன்பின், மேல்நிலை மாணவர்களைக் கல்லூரிகளுக்குக் களப்பயணமாக அழைத்துச் செல்லும் வழக்கம் வலுப்பெற்றது. அத்தகைய பயணங்களில் ஆய்வகங்களையும் நூலகத்தையும் காட்டிய பின்னர், நான் மாணவர்களை அறிவிப்புப் பலகையின் முன் நிறுத்துவது வழக்கம். ஒரு கல்லூரியின் உயிர்த்துடிப்பை அப்பலகையில் காணலாம் என்பது என் எண்ணம்.

முத்தமிழ் விழா, விளையாட்டு விழா, கல்லூரி நாள், மார்ச் 8 உலக மகளிர் நாள், மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என அங்கே அறிவிப்புகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அவற்றிற்கிடையே கண் பரிசோதனை முகாம், குருதிக்கொடை முகாம், ஓகப் பயிற்சி, மனநல ஆலோசனை, நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாம் ஆகியவையும் இடம்பெற்றிருக்கும். ஒருமுறை மாணவன் ஒருவன் அப்பட்டியலை முழுவதும் படித்துவிட்டு, "ஐயா, இவற்றுக்கெல்லாம் மதிப்பெண் உண்டா?" என்று கேட்டான். உடன் வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அது சிரிப்பதற்குரிய கேள்வியாகத் தோன்றவில்லை. படிக்க வந்த இடத்தில் இவையெல்லாம் எதற்கு என்பதை ஒவ்வொரு மாணவரும் ஒருமுறையேனும் கேட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் அமைப்புச் சட்டம் 1948 ஏப்ரல் 7 அன்று நடைமுறைக்கு வந்தது. நோயில்லாமல் இருப்பது மட்டுமே நலமாகாது. உடலும் உள்ளமும் பிறரோடு கூடி வாழும் வாழ்வும் ஒருங்கே செம்மையாய் இருப்பதே நலம் என்பது அச்சட்டம் தரும் விளக்கத்தின் சாரம். காந்தியடிகளின் நூற்றாண்டான 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டமும், பிறரோடு கூடி வாழும் பயிற்சியைக் கல்விக்குள் கொண்டுவந்தது. ஏழு நாள்கள் ஒரு சிற்றூரில் தங்கி, ஏரிக்கரையைச் சீர்செய்து, ஒரே பந்தியில் உண்டு, ஒரே கூரையின்கீழ் உறங்கும் மாணவர்கள், அதுவரை தம் வகுப்பில் பெயர்கூட அறியாதிருந்த ஒருவரை அங்கே நண்பராகப் பெறுகின்றனர்.

நோக்கம் இவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், நிகழ்ச்சிகள் எல்லாம் அந்நோக்கத்தை எட்டிவிடுவதில்லை. பதாகை கட்டி, பொன்னாடை போர்த்தி, நீண்ட உரைகளை நிகழ்த்தி, ஒளிப்படம் எடுத்த அளவில் முடிந்துபோகும் நிகழ்ச்சிகளும் உண்டு. அப்படியானால் ஒரு நிகழ்ச்சியின் பயனை எதைக்கொண்டு அளப்பது? எனக்கு அதற்கான அளவுகோலைத் தந்தவர் என் பழைய மாணவி ஒருவர்.

நீலக் கரைசல்

அவர் ஜவ்வாது மலை அடிவாரத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவர். அவர்தம் குடும்பத்தில் கல்லூரிக்குள் அடியெடுத்து வைத்த முதல் ஆள். பள்ளியில் படித்த காலத்தில், பாடம் முடிந்து மணி அடித்த பிறகும் ஐயம் கேட்டு நிற்பவர். கல்லூரியில் சேர்ந்து எட்டு மாதங்கள் கடந்த நிலையில், தை மாதத்தில் ஒருநாள் என்னைக் காண வந்தார். முகம் வெளுத்திருந்தது. "படிப்பு எனக்கு ஏறவில்லை ஐயா. வகுப்பில் உட்கார்ந்தால் கண் சொக்குகிறது. படித்தது எதுவும் நினைவில் நிற்கவில்லை. நின்றுவிடலாம் என்றிருக்கிறேன்" என்றார். தாய் தந்தையரிடமும் அவ்வாறே சொல்லிவிட்டதாகக் கூறினார். இந்தப் பருவம் முடியட்டும், அதன்பின் முடிவு செய்யலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

மாசியில் அவருடைய கல்லூரியில் குருதிக்கொடை முகாம் நடந்தது. அவருக்கு அதில் கலந்துகொள்ளும் எண்ணமே இல்லை. குருதி கொடுக்கச் சென்ற தோழி ஒருவர், தனியே செல்லத் தயங்கி, இவரையும் கைப்பிடித்து இழுத்துச் சென்றார். அங்கு இருந்த செவிலியர், வந்தது வந்தீர்கள், நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இவருடைய விரலையும் நீட்டச் சொன்னார்.

குருதி கொடுப்பதற்குச் சில தகுதிகள் உண்டு. அகவை 18 நிறைந்திருக்க வேண்டும். எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது. 100 மில்லிலிட்டர் குருதியில் ஹீமோகுளோபின் 12.5 கிராமாவது இருக்க வேண்டும். இதனை முகாமில் விரைந்து அறிய எளிய முறையொன்று உள்ளது. மயில்துத்தம் கரைத்த நீலநிறக் கரைசலில் விரல் நுனிக் குருதியின் ஒரு துளியை விடுவார்கள். ஹீமோகுளோபின் போதிய அளவு இருந்தால், துளி கனத்துச் சில நொடிகளில் கீழே மூழ்கும். குறைவாக இருந்தால் மூழ்காமல் மேலே நிற்கும். தோழியின் துளி மூழ்கியது. இவருடைய துளி மிதந்தது.

செவிலியர் அவரை அருகில் அமரவைத்து, "காலையில் என்னம்மா சாப்பிட்டாய்?" என்று கேட்டார். ஆறு மணிப் பேருந்தைப் பிடிப்பதற்காக ஒரு குவளைத் தேநீரோடு புறப்பட்டு வருவதும், மதியம் வரை வேறெதுவும் உண்ணாதிருப்பதும் அப்போதுதான் வெளிவந்தன. பின்னர் மருத்துவமனையில் அளந்தபோது ஹீமோகுளோபின் 9 கிராமுக்கும் கீழே இருந்தது. உடலெங்கும் உயிர்வளியைக் கொண்டு சேர்ப்பது ஹீமோகுளோபின். அதனை உருவாக்க இரும்புச்சத்து வேண்டும். அது குறைந்தால் களைப்பும் மூச்சிரைப்பும் கவனச் சிதறலும் தோன்றும். தன்னை மந்த அறிவினள் என்று எண்ணிக் கல்லூரியையே துறக்கத் துணிந்த அந்தப் பெண்ணுக்குக் குறைந்திருந்தது அறிவன்று, குருதியில் இருக்க வேண்டிய இரும்புச்சத்து.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரைகள் கொடுத்தார்கள். மாத்திரையைத் தேநீரோடு உட்கொண்டால் சத்து உடலில் சேர்வது குறையும். எலுமிச்சையும் நெல்லியும் அச்சத்தை உடல் ஏற்க உதவும் என்றும் எடுத்துரைத்தார்கள். அவர் உணவில் முருங்கைக் கீரையும் கேழ்வரகும் சேர்ந்தன. தோழி தம் வீட்டிலிருந்து நாள்தோறும் இருவருக்கான காலை உணவைக் கட்டிக்கொண்டு வந்தார். எல்லாம் உடனே மாறிவிடவில்லை. அந்தப் பருவத்தில் அவர் ஒரு தாளில் தேர்ச்சி பெறவில்லை. அடுத்த பருவத்தில் அதனையும் எழுதித் தேறினார். மூன்றாம் ஆண்டு மாசியில் கைப்பேசியில் என்னை அழைத்தார். "ஐயா, இன்று என் துளி மூழ்கிவிட்டது. குருதி கொடுத்துவிட்டு வருகிறேன்" என்றார்.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 அகவை வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் குருதிச்சோகை உடையவர்கள் என்பதைத் தேசியக் குடும்ப நல ஆய்வு காட்டுகிறது. எனவே இம்மாணவியின் நிலை அரிதான ஒன்றன்று. அதனை அவர் அறிந்துகொண்டதுதான் அரிது. அந்த முகாமில் எத்தனை பேர் குருதி அளித்தார்கள் என்பது ஆண்டறிக்கையில் இடம்பெற்றிருக்கும். கொடுக்க இயலாமல் திரும்பிய ஒருவரின் படிப்பு அன்று காக்கப்பட்டது எந்த அறிக்கையிலும் இருக்காது. எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட, வராமல் ஓரத்தில் நின்றவர்களுள் யார் உள்ளே அழைக்கப்பட்டார்கள் என்பதைக்கொண்டே ஒரு நிகழ்ச்சியின் பயனை அளக்க வேண்டும் என நான் தெளிந்தது அவரால்தான்.

மலையைச் சுற்றும் பாதை

இத்தெளிவு எங்கள் ஊர் வழக்கமொன்றைப் புதிய கண்ணோடு காணச் செய்தது. முழுநிலவு நாள்தோறும் மக்கள் மலையை வலம் வருகிறார்கள். சித்திரை முழுநிலவில் அக்கூட்டம் பல இலட்சமாகப் பெருகும். பாதையின் நீளம் 14 கிலோமீட்டர்; நடப்பதற்கு மூன்று நான்கு மணி நேரமாகும். வாரத்தில் 150 நிமிடமாவது உடலுழைப்பு வேண்டும் என்று இன்றைய மருத்துவம் பெரியவர்களுக்கு வலியுறுத்துகிறது. உங்கள் அகவையினருக்கோ நாள்தோறும் 60 நிமிடம் வேண்டும் என்கிறது.

நடையால் உடலுக்கு விளையும் நன்மையைவிட என்னைக் கவர்ந்தது வேறொன்று. அந்தப் பாதையில் முதலிடம், இரண்டாமிடம் என எதுவுமில்லை. எண்திசை இலிங்கங்களில் ஒவ்வொன்றின் அருகிலும் நின்று இளைப்பாறலாம். பாட்டி தளர்ந்தால் பேரன் நடையைக் குறைத்துக்கொள்வான். கால் வலித்து அமர்ந்துவிட்டவரிடம், முன்பின் அறியாத ஒருவர் தண்ணீரை நீட்டிவிட்டு நடந்து செல்வார். கூட்டத்தை ஒழுங்குபடுத்தவும் முதியோருக்கு உதவவும் மாணவத் தொண்டர்கள் நிற்பார்கள். நலவாழ்வு நிகழ்ச்சி ஒன்று எப்படி அமைய வேண்டும் என்று என்னைக் கேட்டால், இப்பாதையைப் போல என்பேன். விரைந்து செல்பவருக்குத் தடையில்லை. தளர்ந்தவர் அமர்வதற்கு இடமுண்டு. அமர்ந்தவரைக் காண்பதற்குக் கண்களும் உண்டு.

இனி உங்கள் முறை

'படிப்பு ஏறவில்லை' என்னும் சொற்றொடரை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஒருவேளை சொல்லியும் இருப்பீர்கள். அதன் பின்னே குருதிச்சோகை இருக்கலாம், கண்பார்வைக் குறை இருக்கலாம், உறக்கமின்மை இருக்கலாம், வீட்டின் கடன்சுமையோ எவரிடமும் பகிர முடியாத துயரமோ இருக்கலாம். காரணம் தெரியாமல் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது, நம்மைப் பற்றி நாமே எழுதிக்கொள்ளும் தீர்ப்பாயினும். மனம் சோர்ந்தவர் தமிழிலேயே பேசி உதவி பெற, 14416 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் பகலிலும் இரவிலும் இயங்குகிறது. காய்ச்சலுக்கு மருத்துவரை நாடுவதில் எத்துணை இயல்பு உண்டோ, அத்துணை இயல்பு அந்த எண்ணை அழைப்பதிலும் உண்டு.

நாளை கல்லூரியில் சேர்ந்த பின், அறிவிப்புப் பலகையில் உள்ள எல்லாவற்றிலும் கலந்துகொள்ள வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆண்டுக்கு ஒரு முகாம், ஒரு விழா என்று தேர்ந்துகொண்டாலும் போதும். ஆனால் தனியே செல்லாதீர்கள். வகுப்பில் எவரோடும் பேசாமல் கடைசி இருக்கையில் அமர்ந்திருக்கும் ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். என் மாணவியின் தோழி செய்தது அவ்வளவுதான்.

இதற்குக் கல்லூரி செல்லும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. அரசுத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்குக் காலை உணவு வழங்கும் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கிவிட்டது. தொலைவிலுள்ள ஊரிலிருந்து முதல் பேருந்தில் வந்து உங்கள் பக்கத்தில் அமர்ந்திருப்பவர் இன்று காலையில் உண்டாரா என்பதை நீங்கள்தாம் கேட்டறிய வேண்டும். வாரந்தோறும் வகுப்பில் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையைச் சன்னல் வழியே எறிபவர் உங்களுக்குள் எவரேனும் இருந்தால், அடுத்த வாரம் எறிவதற்கு முன், நீலக் கரைசலில் மூழ்காமல் நின்ற அந்தத் துளியை ஒருகணம் நினைத்துக்கொள்ளுங்கள்.