வித்தீங்களா, வாடகைக்கு விட்டீங்களா?

அச்சுப் புத்தகத்துக்கு நாள் குறிப்பது சிலருக்கு நல்ல பொழுதுபோக்கு. 2007 நவம்பரில் அமெரிக்காவில் கிண்டில் வந்தது. விலை 399 டாலர். ஐந்தரை மணி நேரத்தில் மொத்தச் சரக்கும் காலி! 'அவ்வளவுதான், காகிதத்தின் கதை முடிஞ்சுது. இன்னும் அஞ்சு வருஷம்' என்றார்கள். அஞ்சு போச்சு, பத்து போச்சு, பதினெட்டும் தாண்டியாச்சு. அந்த அமெரிக்காவிலேயே இன்றைக்கும் இ-புக்கைவிடக் காகிதப் புத்தகம்தான் அதிகம் விற்கிறது. நாள் குறித்தவர்கள் இப்போது வேறு எதற்கோ நாள் குறிக்கப் போய்விட்டார்கள்.

எதிர்க்கட்சிக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 'புத்தகத்தின் வாசனை வருமா சார்?' என்று கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுப்பார்கள். எனக்கு அந்த வாசனை ஆகாது. பழைய புத்தகத்தைப் பிரித்தால் வரிசையாக ஒன்பது தும்மல்.

காலை எட்டே முக்கால் தாம்பரம் - பீச் மின்சார ரயிலில் போகிற உங்களுக்குத் தெரியும். ஒரு கை கம்பிக்கு, ஒரு கை பர்ஸுக்கு. தொள்ளாயிரம் பக்க நாவலுக்கு மூன்றாவது கைக்கு எங்கே போவது? கிண்டில் என்றால் பர்ஸை ஆண்டவனிடம் ஒப்படைத்துவிட்டுப் படிக்கலாம். கண் ஆபரேஷனுக்குப் பிறகு படிப்பதையே விட்டிருந்த என் அம்மா, எழுத்தைச் சுண்டைக்காய் சைஸுக்குப் பெரிதாக்கிக்கொண்டு ராத்திரி பதினொரு மணி வரை படிக்கிறாள். ஆகவே படிப்பதற்கு என்று கேட்டால் என் ஓட்டு இ-புக்குக்குத்தான்.

தகராறு அதற்கப்புறம் வருகிறது. நான் பி.காம். படித்தவன். 1930-ம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டத்தை மனப்பாடம் பண்ணிப் பாஸ் ஆனவன். விற்பனை என்றால் பணம் அந்தப் பக்கம் போகணும், சொத்துரிமை இந்தப் பக்கம் வரணும். கிண்டில் கடையில் 'வாங்கு' என்றுதான் பட்டன் இருக்கிறது. ஆனால், நிபந்தனைகளைப் பொறுமையாகப் படித்தால் (ஒரு நாள் லீவு போடவும்), 'உங்களுக்கு விற்கவில்லை, படிக்க உரிமம்தான் கொடுத்திருக்கிறோம்' என்று வருகிறது. அதாவது பணம் போச்சு, சொத்து வரலை. எங்கள் கணக்கு வாத்தியார் இதை எந்தப் பக்கத்தில் எழுதச் சொல்லியிருப்பார் என்று இன்னும் யோசிக்கிறேன்.

2009 ஜூலையில் ஒரு கூத்து நடந்தது. காப்புரிமைத் தகராறு என்று, காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டிலுக்குள் இருந்த சில புத்தகங்களை அமேசான் எங்கிருந்தோ அழித்துவிட்டது. அதில் ஒன்று ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984'. வேண்டாத பதிவுகளையெல்லாம் அரசாங்கம் அழித்துக்கொண்டே இருக்கும் கதை! இப்படியொரு பொருத்தத்தை சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். 2019-ல் மைக்ரோசாஃப்ட் தன் புத்தகக் கடையை மூடியபோது, அங்கே வாங்கிய புத்தகங்கள் ஜூலையோடு திறக்கவில்லை. அப்போதும் பணம் வாபஸ். மளிகைக் கடை அண்ணாச்சி கடையை மூடினால் நம் வீட்டுப் பருப்பு டப்பா காலியாவதில்லையே, ஸ்வாமி!

இந்த வித்தியாசம் நம் வரி இலாகாவுக்கு மட்டும் பளிச்சென்று தெரிந்திருக்கிறது. அச்சுப் புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அதே புத்தகம் இ-புக்காக வந்தால் ஆரம்பத்தில் 18 சதவிகிதம் போட்டார்கள். 2018 ஜூலையில்தான், அச்சிலும் வந்த புத்தகமாக இருந்தால் 5 போதும் என்று இறங்கி வந்தார்கள்.

சரி, படித்து முடித்த கதை. சொத்தோ வாடகையோ, என்ன குடி முழுகிப்போச்சு? எனக்கும் அப்படித்தான் இருந்தது, அப்பா காலமாகி மானாமதுரை வீட்டைக் காலி பண்ணுகிற வரை.

பரண்மேல் ஒரு தகரப் பெட்டி. உள்ளே அப்பத்தா பைண்டு பண்ணிய 'பொன்னியின் செல்வன்', ஐந்து பாகம். 1950-லிருந்து 54 வரை 'கல்கி'யில் வாராவாரம் வந்ததைக் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டை போட்டது. மணியத்தின் படங்கள் அப்படியே இருக்கின்றன. ஒரு பக்க ஓரத்தில் பென்சிலால் பால் கணக்கு: 14 நாள், நாளுக்கு 3 அணா, ஆக 2 ரூபாய் 10 அணா. தொழில் புத்தி, நான் கூட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது. அப்பத்தா மூணாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள்.

அண்ணன், அக்கா, நான். ஐந்தை மூன்றால் வகுத்தால் மீதி இரண்டு. வீட்டைப் பிரித்தபோது வராத சண்டை இங்கே வந்தது. "இது இன்டர்நெட்ல சும்மாவே கிடைக்குது, எதுக்கு இந்தப் பழசு?" என்றேன். (கடைக்குட்டிக்கு ஒரு பாகம்தான் என்று தெரிந்தபிறகு சொன்னது!) அக்கா பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு, "கதை வேணும்னா என் போன்லயும் இருக்குடா தம்பி. எனக்கு அப்பத்தா தைச்சதுதான் வேணும்" என்றாள்.

என் கிண்டிலில் 140 புத்தகங்கள் இருக்கின்றன. என் மகளுக்கு நான் விட்டுப்போகக்கூடியது அதிகபட்சம் ஒரு பாஸ்வேர்ட். அந்த உரிமத்தை இன்னொருத்தருக்கு மாற்றிக் கொடுக்க நிபந்தனையில் இடமில்லை. அவளும் அவள் தம்பியும் சண்டை போட அதில் என்ன இருக்கிறது?

காகிதத்தை ஒரேயடியாகத் தூக்கி வைக்கவும் மனசாட்சி இடம் தரவில்லை. நாலாம் பாகத்தின் கடைசி இருபது பக்கத்தைக் கரையான் சாப்பிட்டிருந்தது. கரையான் பணம் வாபஸ் தராது, மன்னிப்பும் கேட்காது. அங்கே காப்பாற்றியது 'மதுரைத் திட்டம்'. 1998 பொங்கலன்று ஆரம்பித்து, யார் யாரோ தொண்டர்கள் ராத்திரி கண் விழித்துத் தட்டச்சு செய்து, தமிழ் நூல்களைப் பூட்டு போடாமல் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். இறக்கிக்கொள்ளலாம், வைத்துக்கொள்ளலாம், எவனும் வந்து அழிக்க மாட்டான். என் கோபமெல்லாம் பூட்டின்மேல்தான், மின்சாரத்தின்மேல் இல்லை.

அக்கா அந்த இருபது பக்கத்தை அதிலிருந்து எடுத்து, பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் பக்கம் 2 ரூபாய்க்கு பிரின்ட் போட்டு, நாலாம் பாகத்தின் பின்னால் வைத்துத் தைத்துவிட்டாள். தாள் கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது.

எனக்கு வந்தது இரண்டாம் பாகம். "படிச்சிட்டு ஒரு வாரத்துல தந்துடறேன் மாப்ளே" என்று அத்தான் வாங்கிக்கொண்டு போய் நாலு மாசம் ஆகிறது.